எரிக்கும் கொடி, ஏற்றும் கொடி

நீங்கள் எந்தப் பக்கம்?

எந்த இரண்டு பக்கங்கள் என்று இன்னும் சொல்லக்கூட இல்லை. அதற்குள் உங்களுக்குள் ஒரு பதில் எழுந்து நின்றுவிட்டதல்லவா? உலகத்தில் இரண்டு வல்லரசுகள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அதனால் நாமும் ஏதாவது ஒன்றின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். ஒன்று பிடித்திருந்தால் மற்றது பிடிக்கக் கூடாது. ஒன்றைத் திட்டினால் மற்றதற்கு விலைபோனவர். மனித மனத்தைக் காய்கறிக் கடைத் தராசு என்று நினைத்துக்கொண்டவர்கள் போட்ட கணக்கு இது. இந்தத் தட்டு இறங்கினால் அந்தத் தட்டு ஏறியே ஆக வேண்டும். கணக்கு சரிதானா என்று ஒரு தடவையாவது போட்டுப் பார்த்ததுண்டா?

போட்டுப் பார்க்காதவர்கள் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு தையல்காரம்மாவின் கதை இது.

கடைத்தெருவில் அவருக்குக் கொடிக்காரம்மா என்று பெயர். வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தமான கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. படியின் சரிவுதான் கடையின் கூரை. உயரமான வாடிக்கையாளர்கள் உள்ளே வரும்போது ஒரு முறையும் வெளியே போகும்போது ஒரு முறையும் தலையை இடித்துக்கொள்வார்கள். தலையை இடித்துக்கொண்டவர்கள் கூலியில் பேரம் பேசுவதில்லை என்பது அவர் கணவரின் ஆராய்ச்சி. கணவருக்கு அந்தக் கடையில் பட்டன் தைப்பதும், தைத்ததை சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பதும், நாள் முழுக்க ரேடியோவில் செய்தி கேட்டு அதற்குப் பதில் சொல்வதும் உத்தியோகம்.

முதலில் கொடிக்காரம்மா எல்லோரையும் போல ரவிக்கை, கால்சட்டை, பள்ளிச் சீருடை என்றுதான் தைத்துக்கொண்டிருந்தார். பிறகு தெருவோரத்தில் தள்ளுவண்டிகள் வந்தன. வண்டி நிறைய ஆயத்த ஆடைகள். அவர் வாங்கும் தையல் கூலிக்கே அங்கே முழுச் சட்டை கிடைத்தது. தொழில் படுத்துவிட்டது. அந்தச் சட்டைகளை மூட்டை மூட்டையாக அனுப்பிய நாடு, இரண்டு வல்லரசுகளில் ஒன்று.

அந்த நாடுகளின் பெயர்களை அவர் கடையில் யாரும் சொல்வதில்லை. கொடித் துணியின் நிறத்தை வைத்து ஒன்று நீலம், மற்றது மஞ்சள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால், மீதியைப் படிக்காமலே நீங்கள் தீர்ப்பு எழுதிவிடக்கூடும்.

சட்டைகளை அனுப்பி அவர் தொழிலைப் படுக்க வைத்தது மஞ்சள். ஆனால் அவர் இன்று உட்கார்ந்து தைக்கும் மெஷினும் மஞ்சள் நாட்டு மெஷின்தான். எண்ணெய் விட மறந்தாலும் கோபித்துக்கொள்ளாமல் ஓடும். கணவரின் கண்ணில் புரை வளர்ந்தபோது ஊருக்கு வந்து முகாம் போட்டு, காசு வாங்காமல் அறுவை செய்து பார்வை கொடுத்தவர்கள் நீலத்து மருத்துவர்கள். வெளிநாட்டில் தண்ணீர் லாரி ஓட்டப் போன அந்த அம்மாவின் தம்பி, ஒரு நாள் லாரியைத் தெருவோரம் நிறுத்திவிட்டு நிற்கும்போது குண்டு போட்டதும் நீலத்து விமானம்தான். தம்பி உயிரோடு திரும்பி வந்தான். ஒரு காது வரவில்லை. இப்போது வலது பக்கம் நின்று பேசினால் சும்மா சிரிப்பான். கொடிக்காரம்மாவின் ஒரே மகன் அதே நீலத்தில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறான்.

இந்த அம்மாவை நீலமா மஞ்சளா என்று கேட்டால் என்ன சொல்வார்? "எதுக்குக் கேக்கிறீங்க? கண்ணுக்கா, காதுக்கா?" என்பார். கேட்டவர்கள் அவருக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

தையல் படுத்த பிறகு அவரைத் தூக்கி நிறுத்தியவை கொடிகள். நாளைக் காலைக்குள் வேண்டும் என்று இன்று மாலை வந்து கேட்கிற பொருளை எந்த நாட்டிலிருந்தும் மூட்டையாக இறக்க முடியாது. வெளிநாட்டு விருந்தாளி வந்தால் வரவேற்புக் குழு கொடி கேட்கும். அதே விருந்தாளிக்கு எதிராகக் கூட்டம் போடுகிறவர்களும் கொடி கேட்பார்கள், எரிப்பதற்கு. இரண்டும் ஒரே கொடிதான். ஆனால் கொடிக்காரம்மாவின் கடையில் அவை ஒன்றல்ல. ஒன்று ஏத்துக்கொடி, இன்னொன்று எரிகொடி.

ஏத்துக்கொடிக்குப் பளபளக்கும் சாட்டின் துணி. நான்கு ஓரமும் மடித்து இரட்டைத் தையல். சாயம் போகாது, காற்றில் கிழியாது. எரிகொடிக்கு மெல்லிய மல் துணி. ஓரம் அடிப்பதில்லை, சாம்பலாகப் போவதற்கு ஓரம் எதற்கு? அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மல் துணி தீப்பிடித்தால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். சாட்டின் எரியாது, உருகும். உருகிச் சொட்டும். சொட்டியது தோலில் விழுந்தால் தோலோடுதான் வரும். அதனால்தான் எரிகொடி கேட்டு வருகிறவர்கள் "கொஞ்சம் பளபளன்னு இருந்தா நல்லாருக்கும்மா" என்றால் அவர் தலையாட்டவே மாட்டார்.

மடித்த கொடிகளைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கட்டுவார். ஏத்துக்கொடிக் கட்டுக்கு வெள்ளை நாடா, எரிகொடிக் கட்டுக்குச் சணல் கயிறு. கணவர் கட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. நாடாவைக் கண்டால் வரவேற்புக் குழுவுக்கு, சணலைக் கண்டால் எதிர்ப்புக் குழுவுக்கு. அவருக்கும் உலக அரசியலுக்கும் இருந்த ஏற்பாடு அது.

வரவேற்புக் குழு என்றால் அந்தத் தெருவில் மெடிக்கல்காரர், மருந்துக்கடை வைத்திருப்பவர். எதிர்ப்புக் குழு என்றால் டியூஷன் மாஸ்டர். மெடிக்கல்காரரின் தங்கைதான் மாஸ்டரின் மனைவி. மச்சான்கள் இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல காலம் ஆகிறது. ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை மற்றவர் சுவரைப் பார்த்துச் சொல்லுவார். தெரு முழுக்க மெடிக்கல்காரரை நீலத்து ஆள் என்றும், மாஸ்டரை மஞ்சள் ஆள் என்றும் பேசிக்கொண்டது. கொடிக்காரம்மா மட்டும் அதை நம்பவில்லை. நம்ப முடியாதபடி அவர் கண்ணால் பார்த்திருந்தார். மஞ்சளின் அமைச்சர் வந்தபோதும் ஏத்துக்கொடி வாங்கியது மெடிக்கல்காரர்தான். மஞ்சள் கடலெல்லையை மீறியபோது எரிகொடி வாங்கிப் போனதும் இதே மாஸ்டர்தான்.

இப்படி இருக்கும்போது நீலத்தின் தூதர் ஊருக்கு வந்தார். புதிய தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைக்க. மெடிக்கல்காரர் ஏத்துக்கொடி கேட்டார். மாஸ்டர் எரிகொடி கேட்டார். ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே நாள்.

கட்டுப்போடும் நேரத்தில் மகன் வீடியோவில் அழைத்தான். பட்டறையில் கையுறைக்குள் தீப்பொறி விழுந்து விரலில் சின்னக் காயம், ஒன்றுமில்லை என்றான். ஒன்றுமில்லை என்று பிள்ளை சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "விரலை மடக்கிக் காட்டு. இப்படி இல்ல, முழுசா மடக்கு" என்று அதட்டியபடியே கை பழக்கத்தில் இரண்டு கட்டையும் கட்டி முடித்தார். நாடா சணலின் இடத்துக்கும், சணல் நாடாவின் இடத்துக்கும் போனது. கணவர் கயிற்றைப் பார்த்தார், சைக்கிளை எடுத்தார், போனார்.

தண்ணீர்த் தொட்டியடியில் வரிசையாக நின்ற பள்ளிப் பிள்ளைகள் கையில் மல் துணிக் கொடிகள். விழா தொடங்கியதும் தூறல். ஓரம் அடிக்காத துணி நூல் நூலாகப் பிரிந்தது. நீலச் சாயம் வழிந்து பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. தூதர் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையும் நீலமானது. அந்தக் கையால் நெற்றியைத் துடைத்தார். மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் மாஸ்டர் கட்டைப் பிரித்தபோது முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, இந்தத் தடவை அம்மா தாராளமா நல்ல துணியே போட்டிருக்காங்க!" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாராம். நிழற்குடையின் கீழ் நின்று, வலது கையில் கொடியை உயர்த்திப் பிடித்துப் பற்றவைத்தார். அது எரியவில்லை. சுருண்டது, கறுத்தது, உருகியது. உருகியது அவர் புறங்கையில் சொட்டியது. உதறினார். அது விடவில்லை.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க இரண்டு செய்தி. மெடிக்கல் கடை வாசலில்: "கொடிக்காரம்மா மஞ்சள்காரன்கிட்ட விலைபோயிட்டா. நம்ம மானத்தை வாங்கணும்னே சாயம் போற துணியைக் குடுத்திருக்கா." டியூஷன் வீட்டு வாசலில்: "கொடிக்காரம்மா நீலத்து ஆளு. பையன் அங்கதானே இருக்கான். நம்ம கையைப் பொசுக்கணும்னே எரியாத துணியைக் குடுத்திருக்கா."

ஒரே கட்டு மாறியது, ஒரே பிழை. அந்த ஒரு பிழைக்கு ஒரே நாளில் இரண்டு எதிரி நாடுகளின் கையாளாக ஆனவர் அவர். இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டுமே பொய்யாக இருக்கலாம் என்பது அதைவிடத் தொலைவில் இருந்தது.

பிழை என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே நம்ப மறுக்கும் காலம் இது. பால் பொங்கி வழிந்தாலும் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறோம்.

சங்கத்திலிருந்து ஆள் வந்தது. தலைவரான பெயின்ட் கடைக்காரர் கூட்டம் கூட்டியிருக்கிறார். கொடிக்காரம்மா வந்து, தான் எந்தப் பக்கம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாடிப்படிக்கு அடியில் உள்ள கடையைச் சங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

கணவருக்கு இதில் குழப்பமே இல்லை. "ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன். நீலம்னு சொன்னா மெடிக்கல்காரர் பக்கம் நிப்பாரு. மஞ்சள்னு சொன்னா மாஸ்டர் பக்கம் நிப்பாரு. பாதித் தெரு மிஞ்சும். ஒண்ணும் சொல்லலைன்னா முழுத் தெருவும் போயிடும். கூட்டிக் கழிச்சுப் பாரு."

"மாஸ்டருக்குக் கை வெந்து கிடக்கு. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனீங்களா?"

"கை ஆறிடும். கடை போனா ஆறுமா?"

"நான் மஞ்சள்னு சொன்னா, வேணும்னுதான் பிள்ளைங்க சட்டையில சாயத்தை ஊத்தினேன்னு அர்த்தம். நீலம்னு சொன்னா, வேணும்னுதான் அந்த மனுஷன் கையைச் சுட்டேன்னு அர்த்தம். எதைச் சொல்லச் சொல்றீங்க?"

கணவர் ரேடியோவை நிறுத்தினார். அவர் அதைத் தானாக நிறுத்துவது அபூர்வம். "இவனுங்க என்னடி, சின்னப் பிள்ளைகிட்ட அம்மாவைப் பிடிக்குமா அப்பாவைப் பிடிக்குமான்னு கேக்கிற மாதிரி கேக்கிறானுங்க" என்றார்.

"நீங்க என்ன சொல்வீங்க, சின்ன வயசுல?"

"மிட்டாய் யார் கையில இருக்குன்னு பாத்துச் சொல்வேன்."

"அது சரி. உங்களைப் போய்க் கேட்டேன் பாருங்க."

மறுநாள் கொடிக்காரம்மா கடையைத் திறக்காமல் மாஸ்டர் வீட்டுக்குப் போனார். மாஸ்டர் உள்ளே பாயில் படுத்திருந்தார். வலது கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லோரையும் திருப்பி அனுப்பியாகிவிட்டது. கரும்பலகையில் பாதிக் கணக்கு அப்படியே நின்றது. மாஸ்டரின் மனைவிதான் வாசலுக்கு வந்தார்.

"வாங்கக்கா. அவர் பேச மாட்டாரு. முகத்தைத் திருப்பிப்பாரு."

"திருப்பிக்கட்டும்மா. கை எப்படி இருக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் மாஸ்டரின் மனைவிக்குக் கண் கலங்கியது. அத்தனை பேர் வந்து போனார்களாம். நீலம் எப்படிப்பட்டது, மஞ்சள் எப்படிப்பட்டது, அடுத்த கூட்டம் எப்போது, இதை எந்தப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்று பேசினார்களாம். கை எப்படி இருக்கிறது என்று கேட்டது ஒருவர்தான்.

"யாரு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க அண்ணன். கடைப் பையில போட்டு மருந்து குடுத்துவிடுறாரு. 'உன் வீட்டுக்காரன்கிட்ட நான் குடுத்தேன்னு சொல்லாதே'ன்னு சொல்லித்தான். இவரும், 'உங்க அண்ணன்கிட்ட வாங்கலையே?'ன்னு கேட்டுக்கிட்டே கையை நீட்டுறாரு. தெரியாமலா இருக்கும்? அந்த மருந்து நீலத்துல செஞ்சது, அக்கா. டியூப் மேலேயே போட்டிருக்கு. அதைச் சுவர்ப் பக்கமா திருப்பி வெச்சிருக்காரு."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். "வாயில் ஒன்று, வாழ்க்கையில் ஒன்று, இதுதான் இவர்கள் லட்சணம்" என்று ஏளனமாகச் சொல்லலாம். கொடிக்காரம்மா சிரிக்கவில்லை. நீலத்தின் மருந்து நல்ல மருந்து. நீலத்தின் குண்டு கெட்ட குண்டு. இதில் முரண் எங்கே இருக்கிறது? ஒரு நாட்டின் மருந்தைப் பூசிக்கொண்டே அதன் குண்டைக் கண்டிக்க ஒரு மனிதனால் முடியும். அது அவன் மூளை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அந்த டியூபைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க வேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளுகிறதே, அந்தத் தராசுக் கணக்குத்தான் கேவலம்.

கூட்டம் பெயின்ட் கடையின் மேல்மாடியில் நடந்தது. சுவரெல்லாம் வண்ண மாதிரி அட்டைகள். காலி டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் மெடிக்கல்காரர். எதிர் ஓரத்தில், கையைத் துணியில் தொங்கவிட்டபடி மாஸ்டர். கொடிக்காரம்மாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மரியாதைக்காகப் போட்டதா, விசாரணைக்காகப் போட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"அம்மா, உங்க மேல எங்களுக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்ல" என்று தலைவர் தொடங்கினார். "ஒரே ஒரு வார்த்தைதான். நீங்க நீலமா, மஞ்சளா? சொல்லிட்டீங்கன்னா எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

"கட்டு மாறிப்போச்சுங்க. கயித்தை மாத்திக் கட்டினது நான்தான். என் தப்புதான்."

"தப்பு தானா நடக்குமா?" என்றார் மெடிக்கல்காரர்.

"பின்ன என்னண்ணே, சொல்லிட்டா நடக்கும்?"

டப்பாக்களின் மேல் சிரிப்பு உருண்டது. தலைவர் மேஜையைத் தட்டினார்.

"உங்க பையன் நீலத்துலதானே இருக்கான்?" என்று ஒரு செருப்புக் கடைக்காரர் கேட்டார்.

"ஆமாங்க."

"உங்க மெஷின்?" என்றார் இன்னொருவர்.

"மஞ்சள் நாட்டு மெஷின். நல்லா ஓடுது."

"பாத்தீங்களா, ரெண்டு பக்கமும் கை நீட்டியிருக்காங்க!"

"ரெண்டு பக்கமும் கை நீட்டியிருந்தா ரெண்டு பக்கத்தையும் ஏங்க கெடுக்கப் போறேன்? ஒருத்தருக்காவது ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டேனா?"

பதில் இல்லாதபோது ஆட்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள், குரலை உயர்த்தினார்கள். கொடிக்காரம்மா சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, மாஸ்டரின் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், மஞ்சள்காரன் நம்ம கடலுக்குள்ள வந்தப்போ எங்கிட்ட எரிகொடி வாங்கிட்டுப் போனீங்களே. அப்போ நீங்க நீலமா?"

"நானா?" மாஸ்டருக்கு வலியை மீறிக் கோபம் வந்தது. "எனக்கு எவனும் வேண்டாம். ரெண்டு பேருமே நம்ம தலையில மிளகாய் அரைக்கிறவனுங்கதான்."

"அண்ணே, மஞ்சள் அமைச்சருக்கு நீங்கதான் ஏத்துக்கொடி வாங்கினீங்க. இப்போ நீலத்துக்கும் நீங்கதான். அப்போ நீங்க யாரு?"

மெடிக்கல்காரர் தொண்டையைச் செருமினார். "நான் எவனுக்கும் எதிரி இல்லம்மா. வர்றவன் தொட்டி கட்டுறான், ரோடு போடுறான். யார் போட்டா என்ன? நடக்கிறது நாமதானே."

"அப்போ உங்களுக்கு ரெண்டும் வேணும். மாஸ்டருக்கு ரெண்டும் வேண்டாம். ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணைத் தள்ளினவங்க இந்த இடத்துல யாருமே இல்லையே. என்னை மட்டும் ஏன் ஒண்ணைச் சொல்லு, ஒண்ணைச் சொல்லுன்னு நெருக்குறீங்க?"

கீழே கடையில் யாரோ டப்பாவைக் குலுக்கி வண்ணம் கலக்கும் சத்தம் கேட்டது. அவர் மாஸ்டரைப் பார்த்தே மீதியைச் சொன்னார்.

"உங்க கை வெந்தது என்னால. அதுக்கு என்ன செய்யணும்னு கேட்பீங்கன்னுதான் வந்தேன். எந்த நாடுன்னு கேக்கிறீங்க. கையைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையே."

கதை எழுதுகிறவர்களின் உலகமாக இருந்தால் அந்த இடத்தில் எல்லோரும் தலைகுனிந்து, மச்சான்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். பெயின்ட் கடை மாடியில் அப்படி நடக்கவில்லை.

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பேச்சு நல்லா இருக்கும்மா. ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் வரலையே" என்றார். பிறகு தீர்மானம் சொன்னார். பதில் சொல்லும்வரை சங்கத்தைச் சேர்ந்த யாரும் கொடிக்காரம்மாவிடம் தைக்கக் கொடுக்கக் கூடாது. அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் சொல்லவில்லை என்றால் கடையைக் காலிசெய்ய வேண்டும். சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்.

மெடிக்கல்காரர் கை தூக்கினார். மாஸ்டர் தன் மச்சானை ஒரு கணம் பார்த்தார். வலது கை கட்டுத் துணியில் தொங்கியதால் இடது கையைத் தூக்கினார். பல வருடங்களுக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒன்றாகச் செய்த காரியம் அதுதான்.

ஏன் தூக்கினார்கள்? அந்த அம்மா சொன்னது புரியாமலா? புரிந்ததால்தான். நீலக் கட்சியும் மஞ்சள் கட்சியும் அந்தத் தெருவில் இல்லை என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருடம் எதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்? தங்கையின் வீட்டு வாசலை அண்ணன் மிதிக்காமல் இருந்தது எதற்காக? அந்தக் கேள்வியைச் சந்திப்பதைவிட ஒரு தையல்காரியின் கடையைப் பூட்டுவது சுலபம். வல்லரசுகள் நம்மைப் பிரிக்கின்றன என்று அழுகிறோமே, அவர்களுக்கு அவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது? பெரும்பாலான வேலையை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

அன்றிலிருந்து கொடிக்காரம்மா தினமும் கடையைத் திறக்கிறார், மெஷினைத் துடைக்கிறார், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பழைய வாடிக்கையாளர்கள் தெருவின் எதிர்ச் சாரி வழியாக நடக்கிறார்கள். கணவர், "இப்பவாவது சொல்லிடேன்" என்று ஓரிரு முறை கேட்டுப் பார்த்து விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் அவரே ரேடியோவைப் பார்த்து, "எதுக்குடா அவ சொல்லணும்?" என்று கத்தினார். செய்தி வாசித்தவருக்குக் கேட்டிருக்காது. பக்கத்துக் கடைகளுக்குக் கேட்டது.

கடைத்தெரு கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்து ஒரு நாள் மாஸ்டரின் மனைவி வந்தார். பையில் மறைக்காமல், மாஸ்டரின் சட்டைகளைக் கையில் மடித்து எல்லோரும் பார்க்கும்படி எடுத்து வந்தார். அண்ணனின் மருந்துக்கடையைத் தாண்டித்தான் வந்தார்.

"அக்கா, கட்டோட கை சட்டைக்குள்ள போக மாட்டேங்குது. பிள்ளைங்களை வரச் சொல்லியாச்சு, பனியனோட பாடம் நடத்த வெக்கப்படுறாரு. வலது கைப் பக்கம் மட்டும் பிரிச்சு, பட்டன் வெச்சுக் குடுங்க."

"மாஸ்டருக்குத் தெரியுமா, எங்கிட்ட கொண்டுவர்றது?"

"எந்தச் சட்டைன்னு எடுத்துக் குடுத்ததே அவர்தான். வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை."

"உங்களைச் சங்கத்துல கேப்பாங்களேம்மா."

"கேக்கட்டும். நான் சங்கத்துல இல்ல. எனக்கு ஒரு புருஷன், ஒரு அண்ணன். ரெண்டு பேரையும் பிடிக்கும், ரெண்டு பேர் மேலேயும் எரிச்சல். இதுக்கே எனக்கு நேரம் பத்தலை."

கொடிக்காரம்மா அன்றைக்குச் சிரித்தார். தோள்பட்டையிலிருந்து மணிக்கட்டுவரை தையலைப் பிரித்தார். காயத்தில் உரசாதபடி உள்பக்கம் மல் துணி வைத்து ஓரம் மடித்தார். பட்டன்களை இடது கையாலேயே போடும்படி வரிசையாக வைத்தார். அவர் செய்த பிழைக்கு எந்தத் தீர்மானத்தாலும் கேட்டு வாங்க முடியாத ஒரு பரிகாரத்தை அவரே தைத்துக் கொடுத்தார்.

ஒரு வாடிக்கையாளரால் கடை பிழைக்காது. பொதுக்கூட்டம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அவர் பதில் சொல்லப் போவதில்லை.

இனி உங்களிடம் வருவோம். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவரை ஒதுக்கி வைத்திருப்பார்கள். "அவனா? அவன் அந்த நாட்டு ஆளு" என்று யாரோ ஒருவர் சொல்லி, நீங்களும் ஏன் என்று கேட்காமல் எதிர்ச் சாரிக்கு மாறியிருப்பீர்கள். அவர் முடிவெட்டுபவராக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவராக இருக்கலாம். நாளைக் காலை கடைத்தெரு கூட்டமாக இருக்கும்போது, நாலு பேர் பார்க்க அவரிடம் போங்கள். உங்கள் வேலையைக் கொடுங்கள். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.